இருநூறுக்குக் கீழே கார்டு கிடையாது

அத்தியாயம் 17

ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது லீலாவின் வளையல் கடை. கடைக்குச் சொந்தக்காரி லீலா. கடைக்குச் சட்டம் போடுகிறவர் அவள் கணவர் லோகநாதன். அவர் பெரிய பட்டுச் சேலைக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறவர். வளையல் கடைக்கு மத்தியானம் சாப்பிட மட்டும் வருவார். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, போகிற போக்கில் ஒரு சட்டம் போட்டுவிட்டுப் போவார்.

இந்தத் திங்கட்கிழமை போட்ட சட்டம் கல்லாவுக்கு மேலே அட்டையில் தொங்கியது. 'கார்டு ரூ.200க்கு மேல் மட்டும்.'

அவரை அடியோடு குறை சொல்லவும் முடியாது. காலேஜ் பெண் ஒருத்தி ஹேர்பின் ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்தப் பன்னிரண்டு ரூபாய்க்குக் கார்டை நீட்டியிருந்தாள். கார்டு தேய்க்கும் மெஷினுக்கு மாத வாடகை உண்டு. தேய்க்கிற ஒவ்வொரு தடவையும் பாங்க் தன் பங்கைக் கிள்ளிக்கொள்ளும். கண்ணாடி வளையலில் நிற்கிற லாபமே கொஞ்சம். "பாங்குக்கா நாம கடை வெச்சி நடத்துறோம்?" என்று லோகநாதன் கேட்டது நியாயம்தான்.

போனில் ஸ்கேன் பண்ணுகிறவர்களுக்கு இந்த அட்டையால் ஒரு கஷ்டமும் இல்லை. சில்லறை வைத்திருப்பவர்களுக்கும் இல்லை. பிறகு யாருக்குத்தான் கஷ்டம் என்று லோகநாதன் யோசிக்கவில்லை, லீலாவும் யோசிக்கவில்லை. கடைக்குக் கடை இந்த அட்டையைப் பார்க்கிற நாம் மட்டும் யோசித்தோமா என்ன?

லோகநாதன் போட்ட இன்னொரு சட்டம் அட்டையில் இல்லை. அது வீட்டுச் சட்டம். மகள் லாவண்யாவின் பெயரை யாரும் எடுக்கக் கூடாது.

லாவண்யா போன வருஷம் அன்பழகனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டதும், அவன் ஊரான படவேட்டுக்குப் போனதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்பழகன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கிறவன். நல்ல பையன், அரசாங்க உத்தியோகம், குடி கிடையாது. ஆனால் ஜாதி வேறு. அவன் அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அந்த ஒன்றுக்காக லோகநாதன் பெற்ற மகளைத் தலைமுழுகினார். "அவ வாசல மிதிச்சா இந்த வாசல மிதிக்காதே" என்று மனைவியிடமும் சொல்லி வைத்தார்.

லீலா எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதாள். அழுததோடு சரி. அவள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வாசகிகள் பலருக்கும் உண்டு என்று வருகிற கடிதங்களிலிருந்து தெரிகிறது.

அக்காவை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறவன் மகன் கமலக்கண்ணன் மட்டும்தான். லாவண்யா உண்டாகியிருக்கிறாள் என்ற செய்தியை அம்மாவின் காதில் போட்டதும் அவன்தான்.

இனி, வியாழக்கிழமை காலை.

---

கடை திறந்து சாம்பிராணி வாசம்கூட இன்னும் போகவில்லை. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்மணி படியேறி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். கசங்காத நீல வாயில் சேலை, எண்ணெய் வைத்து வாரிய தலை.

அவள் பெயர் சின்னபொண்ணு. அன்பழகனின் அம்மா. பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள்.

லீலாவுக்கு அவளைத் தெரியாது. ரெஜிஸ்டர் ஆபீசுக்கு லீலா போகவில்லை. கமலக்கண்ணன் போனில் காட்ட வந்த போட்டோக்களையும், அப்பா பார்த்தால் வம்பு என்று தள்ளிவிட்டவள்.

சின்னபொண்ணுக்குத்தான் லீலாவைத் தெரியும். மருமகளின் போனில் தினம் தினம் பார்த்த முகம்.

மறுநாள் லாவண்யாவுக்கு வளைகாப்பு. பெண்ணின் கையில் முதலில் ஏறுவது தாய் வீட்டு வளையலாக இருக்க வேண்டும் என்பது எல்லா வீட்டிலும் இருக்கிற வழக்கம். அதன் பிறகுதான் மற்றவர்கள் போடுவார்கள். லாவண்யா எதையும் கேட்கவில்லை. ஆனால் வளையல் பேச்சு வந்தபோதெல்லாம் எழுந்து உள்ளே போனாள். சின்னபொண்ணு அதைப் பார்த்தாள். ஆரணிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

அம்மா வராவிட்டால் போகிறாள், அம்மாவின் கடை வளையலாவது வரட்டும், அந்தக் கை எடுத்துக் கொடுத்ததாக இருக்கட்டும் என்பது அவள் கணக்கு. தான் யார் என்று சொல்லப் போவதில்லை. சம்பந்தி என்று சொன்னால் துரத்தலாம். காசு கொடுத்து வாங்க வந்தவளை யார் துரத்துவார்கள்?

"வளையலு வேணும்மா. வளைகாப்புக்கு."

லீலாவின் முகம் மலர்ந்தது. "யாருக்கும்மா? பொண்ணுக்கா, மருமவளுக்கா?"

"மருமவ. ஆனா பொண்ணு மாதிரிதான்."

"கை அளவு சொல்லுங்க."

"முன்ன ரெண்டு நாலு போடுவாளாம். இப்ப கை வீங்கிக்கினு கீது. அது ஏறாது. ரெண்டு ஆறு குடும்மா."

"வீங்கியிருக்கா? உப்பு கொறைச்சிக் குடுங்க. டாக்டராண்ட காட்னீங்களா?"

"காட்டிகினுதான் கீறோம். பி.பி. ஜாஸ்தின்றாங்க. மனசுல ஒண்ணியும் வெச்சிக்கக் கூடாதாம். அது எங்க கேக்குது? எந்நேரமும் அம்மா நெனப்பு."

"ஏன், அம்மா இல்லியா அந்தப் பொண்ணுக்கு?"

சின்னபொண்ணு லீலாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"கீறாங்க. தூரத்துல கீறாங்க."

"பாவம்," என்றாள் லீலா.

பச்சையும் சிவப்புமாக வளையல்களை எடுத்தாள். வளைகாப்பு வளையல் என்றால் லீலா கட்டாக அப்படியே கொடுத்துவிட மாட்டாள். ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் சுற்றித் தடவி, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பாள். கணக்குக்கு மேலே ஒரு ஜோடி தன் பங்காகச் சேர்ப்பாள். அன்றும் அப்படியே செய்தாள். மஞ்சளைத் தொட்டு வைத்து, "நல்லபடியா பெத்துப் பொழைக்கட்டும்" என்று சொல்லிக் காகிதத்தில் சுற்றினாள்.

சின்னபொண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. வந்த காரியம் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. பெற்றவள் வாயால் வாழ்த்து வந்தாகிவிட்டது.

"நூத்திப் பத்தும்மா."

சின்னபொண்ணு சுருக்குப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினாள். லீலா கையை நீட்டவில்லை. தலைக்கு மேலே தொங்கிய அட்டையைக் காட்டினாள்.

"இருநூறுக்கு மேலன்னாதான் கார்டும்மா. ரொக்கமா இல்லியா? இல்லாங்காட்டி ஸ்கேன் பண்ணுங்க."

சின்னபொண்ணு தன் பட்டன் போனைக் காட்டினாள். "இதுல இன்னாத்த ஸ்கேன் பண்றது? சம்பளத்த பாங்க்ல போட்டுர்றாங்க. பஸ் ஸ்டாண்டு மெஷின்ல பணமில்லன்னு எழுதி வெச்சிக்கீறான். கையில கீறது பஸ்ஸுக்குத்தாம்மா."

"நான் இன்னா பண்றது? எங்க வூட்டுக்காரரு கண்டிசனா சொல்லிட்டாரு."

"ஒரு தபா தேய்ச்சிக் குடும்மா. நல்ல காரியத்துக்கு எடுத்தது."

"உங்களுக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணும்ல?"

நல்ல பதில்தான். லோகநாதன் சொல்லிக் கொடுத்த பதில். சொல்லும்போது லீலாவுக்கு அது ரொம்ப நியாயமாகத்தான் இருந்தது.

"எடுத்து வெச்சிரும்மா. வேற மெஷின் எங்கனா கீதா பாத்துட்டு வர்றேன்," என்று சின்னபொண்ணு இறங்கிப் போனாள்.

---

மார்க்கெட் பக்கத்து ஏ.டி.எம்.மில் ஷட்டரே இறங்கியிருந்தது. சின்னபொண்ணு வெயிலில் நின்று யோசித்தாள். இருநூறு ஆனால்தானே தேய்ப்பார்கள்? பொட்டு, ரிப்பன், சீப்பு என்று எதையாவது சேர்த்து வாங்கி இருநூறாக்கிவிட்டால் போயிற்று. வந்திருக்கிற சொந்தக்காரப் பெண்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடலாம். திரும்பி நடந்தாள்.

அதற்குள் கடைக்கு ராஜம்மாள் வந்திருந்தாள். லோகநாதன் வேலை பார்க்கும் பட்டுக்கடையின் முதலாளியம்மா. வாசலில் கார் நின்றது. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு டஜன் ஊக்கும் ஒரு கொண்டை வலையும். எழுபது ரூபாய்.

"கார்டுலயே எடுத்துக்கோ லீலா. இதுல வாங்கினா பாயிண்ட் வருது. சேந்தா குக்கர் குடுக்கறானாம்."

"உங்களுக்கு இல்லாததாங்க? குடுங்க," என்று லீலா சிரித்துக்கொண்டே கார்டை வாங்கினாள். மெஷினில் வைத்தாள். சீட்டு வந்தது.

நிமிர்ந்தபோது படியில் சின்னபொண்ணு நின்றிருந்தாள்.

ராஜம்மாளின் கார் போகும் வரை சின்னபொண்ணு படியிலேயே நின்றாள். பிறகு மெதுவாகத்தான் கேட்டாள். "அவங்க இருநூறுக்கு வாங்கலியேம்மா?"

லீலாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. மாட்டிக்கொண்ட எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது. "அவங்க தெரிஞ்சவங்க. தெரியாதவங்களுக்கெல்லாம் அப்படிப் பண்ண முடியுமா?"

சின்னபொண்ணு தலையாட்டினாள்.

"சரிம்மா. நான் தெரியாதவதான்."

கையில் எடுத்து வைத்திருந்த கார்டைச் சுருக்குப் பைக்குள் போட்டு இழுத்துக் கட்டினாள். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கோபமாக நடந்திருந்தால் லீலாவுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகத்தான் நடந்து போனாள்.

மஞ்சள் வைத்த பொட்டலம் கண்ணாடி மேஜை மேல் கிடந்தது. வளைகாப்புக்கென்று வாழ்த்தி எடுத்த வளையலைத் திரும்ப அடுக்கில் சேர்க்கிற வழக்கம் அந்தக் கடையில் இல்லை. வாங்க வந்தவர் விட்டுப் போனால் கோயிலில் அம்மனுக்குப் போட்டுவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருவரும் விட்டுப் போனதில்லை.

அடுத்து வந்த இரண்டு பேருக்கும் லீலா தப்பான அளவு எடுத்துக் கொடுத்தாள்.

---

கமலக்கண்ணன் சாப்பாட்டுக் கேரியரோடு பைக்கில் வந்து இறங்கினான். செல்போன் ரிப்பேர் கடையில் வேலை. மத்தியானம் வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருவது அவன் பொறுப்பு. வந்ததும் வராததுமாக, "அம்மா, அத்தே இங்க வந்தாங்களா?" என்றான்.

"எந்த அத்தே?"

"அக்கா மாமியாரு. பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துகினு கீறாங்க. இன்னா அத்தே இந்தப் பக்கம்னா, சும்மா வந்தேம்பான்றாங்க. மொகமே சரியில்ல. நாளைக்கு வளைகாப்ப வெச்சிகினு யாருனா சும்மா வருவாங்களா?"

லீலா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருப்பாங்க அவங்க?"

"இன்னாம்மா கேள்வி இது? நீலச் சேலை, கையில காய்கறிப் பை..."

அவன் சொல்லி முடிக்கவில்லை. லீலா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு நாலு. அந்த அளவை முதலில் எடுத்தவளே அவள்தான். லாவண்யாவின் கைக்கு எத்தனை தடவை போட்டுவிட்டிருக்கிறாள்! அந்தக் கைதான் வீங்கியிருக்கிறது. அந்தக் கைக்குப் போட வந்த வளையலைத்தான் நூற்றிப் பத்து ரூபாய் கணக்குச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அம்மா இல்லியா என்று வேறு கேட்டாளே! பாவம் என்றாளே!

"பாவி நானு," என்று தலையில் அடித்துக்கொண்டாள். நடந்ததை அழுதுகொண்டே சொன்னாள்.

கமலக்கண்ணனுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. "அந்த அட்டைய அன்னிக்கே கிழிச்சிப் போட்டிருக்கணும். மெஷின் குடுக்க வந்த பாங்க்காரரே, இந்த மாதிரி போர்டெல்லாம் வெக்காதீங்கன்னு சொல்லிட்டுதானே போனாரு?"

"நாளைக்கு வளைகாப்புன்னு எனக்கு யாருடா சொன்னாங்க? நீகூடச் சொல்லலியே."

"நான் சொல்லணுமா? போன வாரம் அன்பு மாமாவே பட்டுக்கடைக்குப் போயி அப்பாவ நேர்ல பாத்து அழைச்சிட்டு வந்தாரே. அப்பா உங்கிட்ட சொல்லிட்டாரு, நீதான் பேஜார் வேணாம்னு வாய மூடிகினு கீறன்னுல்ல நெனச்சேன்!"

லீலாவின் அழுகை நின்றது. போன வாரம் முழுக்க மத்தியானம் மத்தியானம் வந்து உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து என்று கேட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போன மனுஷன். ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை.

எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பொட்டலத்தை ஒரு கையில் எடுத்தாள். சார்ஜர் ஒயரைப் பிடுங்கிவிட்டு கார்டு மெஷினை இன்னொரு கையில் எடுத்தாள்.

"மெஷின் எதுக்கும்மா?"

"நீ கல்லாவப் பாத்துக்கோ."

---

படவேட்டுக்குப் பஸ் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே நிச்சயமில்லை. நல்லவேளையாக அது இன்னும் கிளம்பவில்லை. சின்னபொண்ணு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

லீலா மூச்சு வாங்க ஏறினாள். கையில் மெஷினைப் பார்த்ததும் கண்டக்டர், "இன்னாம்மா, டிக்கெட் நீ குடுக்கப் போறியா? அப்ப நான் வூட்டுக்குப் போவட்டா?" என்றார். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள்.

லீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"நான் லாவண்யாவோட அம்மா."

"தெரியும்."

"தெரியாம பண்ணிட்டேங்க. நீங்க யாருன்னு தெரிஞ்சிருந்தா..."

"தெரிஞ்சிருந்தா தேய்ச்சிருப்பீங்க. எனக்கு அதாங்க கஷ்டமா கீது. தெரியாத பொம்பளன்னா மருவாதி கெடையாதா? எனக்குப் பதிலா வேற ஒருத்தி வந்திருந்தா, அவ வாங்க வந்த வளையலும் ஒரு பொண்ணுக்குத்தானே?"

லீலா பொட்டலத்தை அவள் மடியில் வைத்தாள். "எடுத்துகினு போங்க. காசு வேணாம். எம்பொண்ணுக்கு நான் குடுக்கறேன்."

சின்னபொண்ணு பொட்டலத்தைத் தொடவில்லை. "நீங்க குடுக்கறதுன்னா நீங்க வந்து குடுங்க. பொண்ணு கையப் புடிச்சிப் போட்டு வுடுங்க. நான் எடுத்துகினு போவணும்னா காசு குடுத்துதான் எடுத்துகினு போவேன். ஓசில வாங்கினு போனாங்கன்னு நாளைக்கு ஒருத்தரு சொல்லக் கூடாது."

"அதுக்குத்தாங்க மெஷினத் தூக்கிகினு வந்தேன்."

சின்னபொண்ணு மெஷினைப் பார்த்தாள். பிறகு சுருக்குப் பையை அவிழ்த்தாள்.

லீலா நூற்றிப் பத்து என்று அழுத்தினாள். மெஷின் சிக்னல் தேடியது. பஸ்ஸே அந்த மெஷினைப் பார்த்தது. சிக்னல் கிடைக்கவில்லை. லீலா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மெஷினைப் பிடித்துக்கொண்டாள். பின்சீட்டுக்காரர் ஒருவர், "இன்னும் மேல தூக்கும்மா" என்று யோசனை சொன்னார். ஒரு வழியாகச் சீட்டு வந்தது.

சின்னபொண்ணு வளையலை எடுத்துக் காய்கறிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்தாள்.

"நானும் வர்றேன். இப்பவே, இப்படியே வர்றேன். எம்பொண்ணப் பாக்கணும்," என்றாள் லீலா. குரல் உடைந்தது.

"வேணாங்க."

லீலா விக்கித்துப் போனாள்.

"கடையப் போட்டுட்டு நீங்க இப்படி ஓடியாந்தா, சாயங்காலம் உங்க வூட்டுக்காரரு எங்க வாசல்ல நின்னு கத்துவாரு. பொண்ணுக்கு பி.பி. ஏறும். வவுத்துல கீற புள்ளைக்கு எதுனா ஆயிட்டா நான் யார் மொகத்துல முழிப்பேன்?" சின்னபொண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க. வர வேணாம்னு நான் சொல்லல. சொல்லிட்டு வாங்க. ஒளிஞ்சிகினு வராதீங்க. நாளைக்குப் பத்து மணிக்கு. நீங்க வர்ற வரைக்கும் இந்த வளையலப் பிரிக்க மாட்டேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். லீலா இறங்கினாள்.

---

பஸ் திரும்பி மறைவதற்குள் அவள் போன் அடித்தது. லோகநாதன்.

"சாப்பாட்டு நேரத்துல எங்க போய்த் தொலைஞ்ச? மெஷினக் காணம். கேட்டா இந்தப் பையன் வாயத் தொறக்க மாட்றான்."

"எங்கிட்டதான் இருக்குது."

"தெருவுல எதுக்கு அது?"

"ஒருத்தருக்குத் தேய்ச்சிக் குடுத்தேன். நூத்திப் பத்து ரூபா."

"நூத்திப் பத்தா? அட்டையில இன்னா எழுதியிருக்குது? நான் போட்ட சட்டம் எனக்கே தெரியாதா? யாருக்கு ஓடி ஓடித் தேய்ச்சிக் குடுத்துகினு கீற நீ?"

 இருபத்தேழு வருஷமாக லீலா அடங்கிப் போன குரல். பஸ் ஸ்டாண்டுத் தூணில் சாய்ந்துகொண்டாள்.

"நம்ம சம்பந்தியம்மாவுக்கு," என்றாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மேலே சொன்னாள்.

"உங்க அட்டையக் காட்டி முதல்ல அவங்கள வெளிய அனுப்பிட்டேன். அப்புறம் உங்க முதலாளியம்மாவுக்கு எழுபது ரூபாய்க்குத் தேய்ச்சேன். அத அவங்க நின்னு பாத்தாங்க. எம்பொண்ணு கைக்கு வளையல் வாங்க வந்தவங்கள நானே தொரத்தினேன். மாப்பிள்ளை உங்களாண்ட வந்து அழைச்சதையும் எங்கிட்ட மறைச்சிட்டீங்க. ஏன்னு நான் உங்களக் கேக்கல." மூச்சு வாங்கினாள். "நாளைக்குப் பத்து மணிக்கு வளைகாப்பு. நான் போறேன். ஒளிஞ்சிகினு போவல, சொல்லிட்டுப் போறேன். திரும்பி வந்தா வாசல மிதிக்காதேன்னா இப்பவே சொல்லிடுங்க, துணியும் எடுத்துகினு போறேன். நீங்களும் வர்றதுன்னா காலைல சட்டைய மாத்திகினு நில்லுங்க."

 கடைக்குள் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. "அப்பா, அம்மா இன்னாப்பா சொல்றாங்க?" என்று கமலக்கண்ணன் கேட்பது காதில் விழுந்தது. அவனுக்கும் லோகநாதன் பதில் சொல்லவில்லை.

போனை வைக்கவும் இல்லை. லீலா வெயிலில் காத்துக்கொண்டு நின்றாள்.